கூடின எலும்பு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் சுகமா? உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா? சாக்பீஸ் தூள்தான் காரணம். தண்ணீர் நிறையக் குடி.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "கிளாஸுக்கு நேரமாச்சுக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மேஜை மேல் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

விஷயம் இதுதான். என்னை மியூசியத்தில் வைக்கப் போகிறார்கள்.

சிரிக்காதே. போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ஒருத்தி வந்தாள், கிழிந்த படுக்கை விரிப்பு இருந்தால் வேண்டும் என்று. தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். நான் அழுக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பிழிகிற மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் விரிப்பை மறந்துவிட்டு என் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை நடந்து காட்டுறீங்களா?"

"எதுக்கு? நொண்டியை வேடிக்கை பாக்கவா?"

"ஆமா" என்றாள் பட்டென்று. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் சிற்பி. கல்குவாரிக்கு மேலே இருக்கிற குகையில் ஆதிகாலத்துப் பெண் ஒருத்தியின் எலும்புகள் கிடைத்ததாகப் பேப்பரில் வந்ததே, அவளை ஆள் உயரத்துக்குச் செய்து மியூசியத்தின் புதுக் கூடத்தில் வைக்கப் போகிறார்கள். மண்டையோட்டை வைத்து முகம் செய்தாகிவிட்டது. உடம்பு எப்படி நிற்கும் என்பதுதான் பிடிபடவில்லையாம். ஏனென்றால் அந்தப் பெண்ணின் வலது கால் உடைந்து, வளைந்தபடியே கூடியிருக்கிறது. என்னுடையது போலவே. கல்லூரிப் பிள்ளைகளை நொண்டிக் காட்டச் சொன்னாளாம். எல்லாரும் நாடகத்து வில்லன் மாதிரி நொண்டினார்களாம்.

அதனால் லீவு நாளில் நான் போய் நிற்கிறேன். அவள் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து மண்ணை அப்புகிறாள். இந்த வயதில் என்னை இப்படி உற்றுப் பார்க்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறது, விடுவேனா?

மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. கட்டடத்து மோட்டார் இன்னும் ரிப்பேர். தண்ணீர் கீழே குழாயடியிலிருந்துதான் மேலே வருகிறது. படியேறுகிற யாரும் வெறுங்கையோடு ஏறக்கூடாது, ஒரு வாளியாவது தூக்கி வர வேண்டும் என்று மாடி டைலர் போட்ட சட்டம் அப்படியே நடக்கிறது. தபால்காரர்கூடத் தப்பவில்லை.

பதில் போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 28

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். இருமல் பரவாயில்லை. தங்களுடைய இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உறக்கம் சரியாக வருகிறதா? பார்வை மங்குவதாக முன்பு எழுதியிருந்தீர்கள், கண்ணாடி மாற்றினீர்களா?

செய்தியைப் படித்து வருத்தப்பட்டேன். நான் இப்போது துணைத் தலைமை ஆசிரியர் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளி ஒவ்வொரு ஆண்டும் அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் சுற்றுலா வருகிறது. என் மாணவர்கள் வரிசையில் நின்று பார்க்கப்போவது யாரை? பரட்டைத் தலையும் தோல் துண்டுமாக, பாதிக் குரங்கு போல ஒரு பெண்ணை. அது யார் என்று ஒரே ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், நான் வகுப்புக்குள் நுழைய முடியாது. ஆசிரியர் அறையிலும் கேலிக்குப் பஞ்சம் இருக்காது.

நமக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. தயவுசெய்து மறுத்துவிடுங்கள். உடல்நிலை சரியில்லை என்று சொன்னால் அவர்கள் வற்புறுத்த மாட்டார்கள்.

வணக்கத்துடன்,
தம்பி


பிப்ரவரி 15

அன்புக் கொசுவுக்கு,

எழுதுவது அக்கா, "அவர்கள்" இல்லை. நீயும் நாங்கள் வீட்டில் கூப்பிட்ட அதே கொசுதான். கோபம் வந்தால் உனக்கு மரியாதை பொங்கிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உன் கடிதம் வரும்வரை என் இரத்த அழுத்தம் நன்றாகவே இருந்தது. கண்ணாடி மாற்றிவிட்டேன். உன் எழுத்து இப்போது தெளிவாகத் தெரிகிறது, அதுதான் கஷ்டம்.

மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

பரட்டைத் தலை என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்தாயா அவளை? அந்தக் குகையில் எலும்பைச் சீவிச் செய்த ஊசி கிடைத்திருக்கிறது, நுனியில் காது துளைத்தது. ஊசிக்குக் காது குத்தத் தெரிந்தவளுக்குத் தலை வாரத் தெரியாதா? சிற்பி கொடுத்த படத்தை மாடி டைலரிடம் காட்டினேன். மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் குடு, உனக்கு ஒரு கோட்டே தெச்சுத் தரேன்" என்றாள். தோல் துண்டும் இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை தைத்த உடுப்பு. நல்ல குளிரில் வாழ்ந்தவள் அவள். உன் ஆசிரியர் அறையில் அவ்வளவு மூடிக்கொண்டு யாராவது வருகிறார்களா?

அப்புறம் குரங்கு. சிற்பியிடம் கேட்டேன். "இல்லம்மா, இவங்க நம்மள மாதிரியே முழு மனுஷி. குளிப்பாட்டி, முடி வெட்டி, பஸ்ல ஏத்திவிட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க" என்றாள். "டிக்கெட் எடுக்கலன்னா பாப்பாங்க" என்றேன்.

அவளுடைய முன்பல் எல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. தோலைப் பல்லால் கடித்து இழுத்து மெதுவாக்குவார்களாம், அந்த வேலையில் தேய்ந்தது. நான் கொடியில் விரிப்புப் போடும்போது கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொள்வேனே, என் பல்லும் ஒரு பக்கம் அப்படித்தான். சிற்பி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தாள்.

போன வாரம் என் கை இரண்டையும் அச்செடுத்தாள். காலுக்குப் போடுவார்களே அதே மாவுக்கட்டுத் தூள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை விடு.

அவளுக்கு முன்னால் ஈட்டியோடு ஒரு ஆளும் நிற்கப் போகிறான். அவனுக்கு அளவு கொடுப்பது ஜிம் வாத்தியார் ஒருவர், நடுநடுவே முட்டை உரித்துத் தின்கிறார். கேட்டால் சிரிப்பாய். குகையில் அந்த ஆளின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். பல்கூட இல்லை. முன்னால் ஒரு ஆண் நிற்காவிட்டால் கூடம் வெறிச்சென்று இருக்கும் என்று மியூசியத்து இயக்குநர் சேர்க்கச் சொல்லிவிட்டார். நானும் சிற்பியும் அவனுக்கு "எலும்பில்லா மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருக்கிறோம். எலும்பே இல்லாதவனுக்கு எவ்வளவு பெரிய தொடை!

உன் வீட்டுக்காரியிடம் இதைப் படித்துக் காட்டு. அவளாவது சிரிப்பாள்.

உன் மொரட்டு அக்கா


மார்ச் 6

அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் உறக்கம், செரிமானம் பற்றி எழுதவில்லையே? மாத்திரைகளைத் தவற விடாதீர்கள்.

தாங்கள் விளையாட்டாக எழுதினாலும் நான் பொறுப்போடு பதில் எழுத வேண்டியிருக்கிறது. என்னுடைய மறுப்பு மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. அந்தச் சிலை உண்மைக்கே புறம்பானது. ஆதி மனிதர்கள் உணவைத் தேடி இடம் விட்டு இடம் நடந்தவர்கள். நடக்க முடியாத ஒருவரைச் சுமந்துகொண்டு கூட்டம் முழுவதும் பட்டினி கிடக்க முடியாது. விட்டுவிட்டுப் போவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. அவரவர்க்கு அவரவர் வேலையும் பிழைப்பும் இருந்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. இயற்கை அப்படி. வலிமை உள்ளது பிழைத்தது, மற்றது நின்றுபோனது. வகுப்பில் நான் சொல்லித்தருவதும் இதைத்தான்.

ஆகவே காலொடிந்த, வயது முதிர்ந்த பெண்ணைக் கூடத்தின் நடுவே நிறுத்துவது பிள்ளைகளுக்குத் தவறான பாடம். தாங்கள் இதில் பிடிவாதமாக இருந்தால் நான் அந்த நகரத்தின் பக்கமே வர மாட்டேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறக்கம் வருகிறது, செரிக்கிறது, மாத்திரை போடுகிறேன். உனக்கும் எல்லாம் செரிக்கும் என்று நம்புகிறேன்.

வர மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அது பழகினதுதான்.

உன் கடிதத்தை மியூசியத்தில் எலும்பு வாத்தியாருக்குப் படித்துக் காட்டினேன். குகையைத் தோண்டினவர் அவர்தான். உன் பெயரைச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்து ஆள் ஒருவர் என்றேன். கோபிக்கவே இல்லை அவர். "நானும் இதைத்தாம்மா படிச்சேன். இதையே பரீட்சையில எழுதித்தான் பாஸ் பண்ணேன். அப்புறம் இந்தக் கால் கெடச்சுது" என்று சொல்லி அவளுடைய கால் எலும்பை எடுத்து வைத்தார். கறுத்து, சுள்ளி மாதிரி லேசாக இருக்கிறது. நடுவில் மரத்தில் கணு விட்ட மாதிரி ஒரு முண்டு.

"உடைஞ்ச எடத்துல புது எலும்பு வளந்து மூடியிருக்கு பாருங்க. இது இப்படி மூட மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் இவங்க கெழங்கு தோண்டப் போயிருக்க முடியாது. ஆத்துக்குப் போய்த் தண்ணி மொண்டிருக்க முடியாது. நரி வந்தா எழுந்து ஓடியிருக்க முடியாது. விட்டுட்டுப் போயிருந்தா எலும்பு கூடியிருக்காது. உடைஞ்சது உடைஞ்சபடியே கெடைச்சிருக்கும். இவங்க அதுக்கப்புறம் பல வருஷம் இருந்திருக்காங்க."

"அப்போ யாரு பாத்துக்கிட்டது?"

"அது எலும்புல தெரியாதும்மா."

இன்னும் கேள். அவள் கிடந்த இடத்தில் நெருப்புக்குழி. சாம்பல் மேல் சாம்பலாக அடுக்கடுக்காக இருக்கிறதாம், அதாவது நெருப்பை அணைய விடாமல் யாரோ பார்த்திருக்கிறார்கள். அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே குவியல் குவியலாகக் கல் சில்லு. ஒரே இடத்தில் உட்கார்ந்து யாரோ கல்லைச் சீவிச் சீவிக் கத்தி செய்திருக்கிறார்கள். அவளாகத்தான் இருக்கும், ஆனால் இது யூகம் என்றார் வாத்தியார். எனக்கு யூகம் இல்லை. கால் போனால் கை சும்மா இருக்குமா? நானும் கிடந்த காலத்தில் டைலருக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். சட்டை சட்டையாக வந்து குவிந்தது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு கேட்டேன், "அந்தக் காலத்துல பரீட்சைப் பேப்பர் திருத்துற வேலை எல்லாம் கெடையாது, இல்லையா சார்?" அவருக்குப் புரியவில்லை. டீ குடிக்கிறீர்களா என்றார். உனக்குப் புரியும்.

இதற்கு நடுவில் இங்கே ஒரு சண்டை. வளைந்த கால் பார்க்க நன்றாக இல்லை, சிலையைத் தப்பாகச் செய்துவிட்டோம் என்று ஜனங்கள் நினைப்பார்கள், அதனால் காலை நிமிர்த்தி, மாப்பிள்ளைக்குப் பின்னால் நெருப்பு ஓரமாக உட்கார வையுங்கள் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். சிற்பி கத்திவிட்டு வெளியே போய்விட்டாள். நான் சலவைக்கூடத்து ஏப்ரனோடு நேரே அவர் அறைக்குப் போனேன்.

"உக்காருங்கம்மா" என்றார்.

"உக்கார மாட்டேன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க பாக்கிற எடம்மா. தெம்பா, ஊக்கமா ஏதாவது இருக்கணும்" என்றார். "உடைஞ்சப்புறமும் எழுந்து நின்னவளைவிட வேற என்ன ஊக்கம் வேணும் உங்களுக்கு? அந்த முட்டைத் தொடையா?" என்றேன். "உங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்? அது என்ன உங்க காலா?" என்றார்.

"ஆமா. என் காலுதான்" என்றேன்.

சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். என் கை இரண்டும் அச்சு வார்த்துக் காய்ந்து பலகையில் இருந்தது. துண்டில் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கால் வேண்டாமென்றால் கையும் கிடையாது. காவல்காரர் மூட்டையில் என்ன என்றார். என் கை என்றேன். போங்க என்றார்.

இப்போது அலமாரியில் இருக்கிறது. டைலர் வந்தால் விரல் ஒவ்வொன்றிலும் நூல்கண்டை மாட்டி வைக்கிறாள்.

நிமிராத அக்கா


மே 12

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன், உன்னிடமிருந்து கடிதம் இல்லாததால். போன கடிதத்துக்குப் பதில் வரும் என்று ஏப்ரல் முழுக்கத் தபால்காரரை வழி மறித்தேன். அவர் இப்போது என்னைப் பார்த்தாலே வாளியோடு ஓடுகிறார்.

நீ எழுதாவிட்டால் நான் எழுதக் கூடாதா? கேள், என்ன ஆயிற்று என்று.

சிற்பி இல்லாத நேரத்தில் இயக்குநர் வெல்டிங் ஆட்களைக் கூட்டிவந்து காலை நிமிர்த்தச் சொல்லியிருக்கிறார். மண்ணுக்கு உள்ளே இரும்புக் கம்பிக்கூடு இருக்கும். வலது காலில் மண்ணை வழித்து, கம்பியை அறுத்து நேராக ஒட்டி, மேலே மண்ணைப் பூசிவிட்டார்கள். பார்த்தால் பொம்மைக்கடைப் பொம்மை மாதிரி அழகாக நின்றிருக்கிறாள். உட்கார வைப்பதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் சிற்பி அவளை என்னைப் பார்த்து அல்லவா செய்திருந்தாள்? கால் வளைந்தால் இடுப்பு அந்தப் பக்கம் போகும், தோள் இந்தப் பக்கம் வரும், கழுத்து அதற்கு ஈடு கொடுக்கும். உடம்பு முழுக்க அந்த ஒரு காலுக்குத் தக்கபடிதான் நிற்கும். காலை மட்டும் நேராக்கினால் மற்றது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் அவள் முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்து கிடக்கிறாள். சும்மா விழவில்லை. மாப்பிள்ளை மேல் விழுந்திருக்கிறாள். அவன் ஈட்டி மூன்று துண்டு. மூக்கு போச்சு. தொடை இரண்டும் தூள். ஜிம் வாத்தியார் வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கிப் போனாராம்.

அவளுக்குத் தோளில் கொஞ்சம் மண் பெயர்ந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை இயக்குநர் எங்கள் கட்டடத்துக்கே வந்துவிட்டார், கையைத் திருப்பித் தாருங்கள் என்று. கீழே குழாயடியில் டைலர் இருந்திருக்கிறாள். அவர் யார், எதற்கு வந்தார் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாளியைக் கையில் கொடுத்துவிட்டாள். கழுத்தில் டை, கையில் வாளி, பேண்ட்டெல்லாம் தண்ணீர், இரண்டு மாடி ஏறி வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"கால் எப்படி இருந்துதோ அப்படியே வெச்சிடுறோம். நிக்கவும் வெச்சிடுறோம்" என்றார்.

"எங்கே?"

"நடுவுல."

கையைக் கொடுத்துவிட்டேன். நூல்கண்டை மட்டும் எடுத்துக்கொண்டு.

ஜெயித்த அக்கா


ஜூன் 2

அக்கா அவர்களுக்கு,

நலம். தங்கள் நலனும் அறிய விருப்பம். தேர்வு வேலைகள் அதிகம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

இந்த ஆண்டு சுற்றுலாவை மிருகக்காட்சிச் சாலைக்கு மாற்றியிருக்கிறோம்.

தம்பி


ஜூலை 18

அன்புத் தம்பிக்கு,

நலம். மிருகக்காட்சிச் சாலைக்கா போகிறீர்கள்? போங்கள். நீ சொல்லித்தருகிற பாடத்தின்படி பார்த்தால் அங்கேயும் நம் சொந்தக்காரர்கள்தான் இருப்பார்கள். குரங்குக் கூண்டில் நான் கேட்டதாகச் சொல்.

தேர்வு வேலை என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தையை இரண்டாவது தடவையாக உன் கையெழுத்தில் படிக்கிறேன். சலவைக்கூடத்து ஈரத் தரையில் நான் விழுந்த வருஷத்திலும் அதே வார்த்தைதான் வந்தது, நீ வரவில்லை. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப் போவதில்லை. இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையை மறுபடி செய்ய நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. தனியாக நிற்கட்டுமே என்றார் இயக்குநர். எலும்பு வாத்தியார் கூடாது என்றார். "தனியா இருந்திருந்தா இவங்க இல்லவே இல்ல. இன்னொரு ஆள் இருந்ததுக்கு இந்தக் காலே சாட்சி." சிற்பி என்னைப் பார்த்தாள். "யாரை வைக்கலாம்மா?"

அப்போதுதான் நான் அவர்களுக்குச் சொன்னேன். என் கால் மாவுக்கட்டில் கிடந்த மாதங்களில் மாடியிலிருந்து இறங்கி வந்து, எனக்குத் தலை துவட்டி, சூப் வைத்து, படுக்கையைத் தட்டிப் போட்டது யார் என்று. அப்போதும் மோட்டார் ரிப்பேர்தான். ஒருத்தியாக எவ்வளவு தண்ணீர் தூக்குவாள்? அதற்காகப் போட்டதுதான் அந்தப் படிக்கட்டுச் சட்டம். இந்தக் கட்டடத்தில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் எனக்குத் தண்ணீர் தூக்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஆள்தான் ஒருவர் குறைந்தார்.

சிற்பி அன்றைக்கே டைலரைப் பார்க்க வந்துவிட்டாள். வாளியோடுதான்.

"என்னையா? நான் எதுக்குடி? எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?" என்றாள் டைலர்.

"அதனாலதான்" என்றேன்.

அவள் கேட்ட அடுத்த கேள்வி, உடுப்பை யார் தைக்கிறார்கள் என்பது. சிற்பி தைத்து வைத்திருந்ததைக் காட்டினதும் இவளுக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு போய், எலும்பு ஊசி மாதிரி ஒன்று செய்யச் சொல்லி, தோலையும் நரம்பையும் வைத்து அவளே தைத்தாள். தைத்து முடித்துவிட்டு, "அந்தக் காலத்துக்காரிகளுக்கு என்ன பொறுமைடி. நானா இருந்தா குளிருல செத்திருப்பேன்" என்றாள். தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, நொண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள் இப்போது. யார் என்று தெரியாது என்று பலகை எழுதி வைக்கப் போகிறார்களாம். எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் கூடம் திறக்கிறார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. தெரிவிக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கொசு எழுதுகிறேன். நாங்கள் நலம். இருமல் போய்விட்டது.

மிருகக்காட்சிச் சாலைக்குத்தான் பஸ் பிடித்திருந்தோம். காலையில் ஏறினதும் டிரைவரிடம் மியூசியத்துக்கு விடச் சொன்னேன். பிள்ளைகள் சிங்கம் சிங்கம் என்று கத்தினார்கள். ஒருத்தனும் என்னை மன்னிக்கவில்லை.

பார்த்தேன் அக்கா. முகம் உன்னுடையது இல்லை. அகன்ற கன்னம், வேறு கண். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அப்படியே இருக்கிறது. கற்காலத்தில் இஸ்திரிப் பெட்டி ஏது என்று உங்கள் சிற்பியிடம் யாரும் கேட்கவில்லையா? அதற்குப் பிறகு அவள் நிற்கிறதைப் பார்த்தேன். இன்னும் என்னால் அதை எழுத முடியவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள், "சார், ஏன் அவங்க கோணலா நிக்கிறாங்க?"

"கால் உடைஞ்சு கூடியிருக்கு."

"டாக்டர் இல்லாம எப்படி சார் கூடும்?"

"பக்கத்துல இருந்தவங்க பாத்துக்கிட்டாங்க."

"அந்தத் தண்ணி கொண்டு வர்றவங்களா? அவங்க யாரு சார், சொந்தக்காரங்களா?"

நான் பலகையை வாசித்தேன். "இவர் யார் என்று தெரியவில்லை." சத்தமாக வாசித்தேன். மாடி டைலரின் மூக்கு எனக்குத் தெரியாதா அக்கா?

வெளியே வந்து பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன், உள்ளே பார்த்தீர்களே, அந்தக் கை என் அக்காவுடையது, அந்த நிற்கிற நிலை என் அக்காவுடையது என்று. அவ்வளவுதான். மறுபடி எல்லாரும் உள்ளே ஓடினார்கள். டிக்கெட்காரர் என்னைத் திட்டினார். திட்டட்டும். ஆசிரியர் அறையிலும் நானே சொல்லிவிட்டேன்.

பஸ் உன் தெருமுனையில் சிக்னலுக்கு நின்றது. குழாயடி தெரிந்தது. பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரத்த அழுத்தம், உறக்கம், கண்ணாடி எல்லாம் கேட்டுவிட்டேன் இத்தனை நாளில். ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை.

உன் கால் எப்படி இருக்கு, அக்கா?

கொசு


செப்டம்பர் 22

அன்புக் கொசுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமா?

கேட்டாயே, சொல்கிறேன். மழை வந்தால் முதலில் என் காலுக்குத்தான் தெரியும். இறங்குவதைவிட ஏறுவது கஷ்டம். மெஷின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றால் முட்டி வீங்கிக்கொள்ளும், பிறகு அடங்கும். செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேயும். இதையெல்லாம் முன்பே எழுதியிருக்கலாம். கேட்காதவனுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

வளைந்துதான் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும். நிமிர்த்துகிறேன் என்று போன வருஷம் ஒரு டாக்டர் சொன்னார், மறுபடி உடைத்துச் சேர்க்க வேண்டுமாம். போங்க சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நிமிர்த்தினால் என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் பார்த்தார்களே.

சலவைக்கூடத்தில் இப்போது ஆளுக்கு ஆள் மியூசியத்துக்குப் போய் வருகிறார்கள். டைலருக்குத் தலைகால் புரியவில்லை. போன ஞாயிறு தன் சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "தையல் என்னுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காவல்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

பஸ் தெருமுனையில் நின்றது என்று எழுதியிருக்கிறாய். அந்த சிக்னல் ரொம்ப நேரம் நிற்கும். எனக்குத் தெரியும்.

அடுத்த லீவுக்கு வா. மியூசியத்துக்கு இல்லை, வீட்டுக்கு. என்ன வாங்கி வரட்டும் என்று கேட்காதே, பழம் பிஸ்கட் எதுவும் வேண்டாம். மோட்டார் இன்னும் ரிப்பேர்தான். குழாயடியில் உனக்கு இரண்டு வாளி கவிழ்த்து வைத்திருப்பேன். எங்கள் படிக்கட்டின் சட்டம் உனக்குத் தெரியும்.

அக்கா